தண்ணீர் தெளியும் வரை

ஒரு பஞ்சைக் கழுவ நான்கு நிமிடங்கள் ஆகும். அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அவர்கள் கழுவுவதில்லை, நனைக்கிறார்கள்.

பஞ்சு என்றதும் தலையணையை நினைத்துவிட வேண்டாம், ஐயா. கார் பாலிஷ் மெஷினின் முகத்தில் ஒட்டிக்கொண்டு சுழலும் ஃபோம் வட்டைச் சொல்கிறேன். டப்பாவில் பேட் என்று அச்சிட்டிருக்கும். பட்டறையில் பஞ்சு என்போம். விரித்த கையின் அகலம், இரண்டு விரல் கனம், முதுகில் வெல்க்ரோ. நீங்கள் என் அத்தானின் மரணத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். பஞ்சை விட்டுவிட்டு அதைச் சொல்லிப் பார்த்தேன், வாக்கியம் நிற்கவில்லை.

நேற்று உங்கள் எழுத்தர் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட மறுத்தேன். மூன்றாவது பத்தியில் ‘கவனக்குறைவால்’ என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அந்தச் சொல் இருந்தால் எனக்கு நல்லது என்று அவர் தணிந்த குரலில் எடுத்துச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் பதினெட்டு வருடத் தொழிலில் என்னைக் கவனக்குறைவானவன் என்று சொன்னவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பஞ்சு வாங்கும்போது முதலில் செய்யும் தவறு, நிறத்தை நம்புவது. ஒரு கம்பெனியில் ஆரஞ்சு என்றால் அறுக்கும் பஞ்சு. இன்னொரு கம்பெனியில் அதே ஆரஞ்சு மெருகேற்றும் பஞ்சு. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் வழி. கடினமானது ஆழமான கீறலை அறுத்தெடுக்கும். நடுத்தரமானது அந்த அறுப்பின் தடத்தை ஆற்றும். மென்மையானது கடைசிப் பளபளப்புக்கு. எந்தக் கார் வந்தாலும் ஒரு மூலையில் மென்மையானதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது போதாது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த கடினத்துக்குப் போக வேண்டும். அத்தானிடமும் நான் அந்த முறைப்படிதான் நடந்துகொண்டேன். நான்கு வருடம் மென்மையாகத்தான் சொன்னேன்.

அவர் என் அக்காவின் கணவர். என் கையையும் அவர் வாயையும் சேர்த்து ஒரு கடை வைத்தால் ஓஹோவென்று ஓடும் என்றது அக்காதான். ஓடியது. வாடிக்கையாளர் வந்தால் அத்தான் நாற்காலி போடுவார், அவர்கள் வீட்டு நாயின் உடல்நலம் வரைக்கும் விசாரிப்பார். நான் உள்ளே கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வேன். அந்தக் கையுறைக்காக எனக்கு ‘டாக்டர்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். தெரு முழுக்க அந்தப் பெயர் பரவியது. டீக்கடைக்காரர்கூட, “டாக்டருக்கு சர்க்கரை கம்மியா ஒண்ணு” என்று குரல் கொடுப்பார்.

என்னிடம் பன்னிரண்டு பஞ்சுகள் இருந்தன. ஒவ்வொரு வகையிலும் நான்கு. மூன்று மூடி போட்ட டப்பாக்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண். ஒரு பஞ்சுக்கு ஒரே மருந்து. கீறலை அறுக்கும் பசையான காம்பவுண்ட் தொட்ட பஞ்சைப் பாலிஷில் வைக்கக் கூடாது; வைத்தால் இரண்டு வேலையும் கெடும். ஒரு கதவு முடிந்ததும் தூரிகையால் பஞ்சின் முகத்தைத் துலக்க வேண்டும். சூடேறினால் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும், காம்பவுண்ட் காய்ந்து கல்லாவதற்குள் கழுவியாக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு. நடுவிலிருந்து விளிம்புக்குக் கட்டை விரலால் அழுத்தித் தள்ள வேண்டும், பிழியக் கூடாது. முதலில் பால்போல வரும், பிறகு கஞ்சித் தெளிவுபோல, பிறகு தெளிந்துவிடும். தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கழுவுவது பஞ்சுக்கு நல்லதல்ல, கழுவுபவனுக்கும் வேலையல்ல. பிறகு முகம் கீழே, முதுகு மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பசைக்குள் இறங்கி வெல்க்ரோ உரியும்.

தரையில் விழுந்த பஞ்சு செத்த பஞ்சு. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதன் கண்ணறையில் ஒரே ஒரு மணல் துகள் உட்கார்ந்திருந்தால் போதும். மெஷின் சுழலும்போது பானட் முழுக்க வட்டம் வட்டமாகக் கோலம் போட்டுவிடும்.

இவற்றில் எதுவும் அத்தானுக்குப் புரியாததல்ல. அதுதான் என்னை வதைத்தது. புரியாதவருக்கு இன்னொரு முறை சொல்லலாம். அவர் புரிந்துகொண்டு, தலையை ஆட்டி, மறுநாள் பஞ்சை ஈரச் சட்டையைப்போல முறுக்கிப் பிழிந்து வெயிலில் போடுவார். டீ டம்ளருக்கு அடியில் வைப்பார். ஒரு நாள் ஏழாம் எண்ணால் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், அது ஏழாம் நம்பர்.”

“எட்டாம் நம்பர் கோவிச்சுக்குமா மச்சான்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சாயங்காலம் பஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தால் அவர் வாசலில் நின்று, “தலை துவட்டியாச்சா? பவுடர் போட்டு விட்டுட்டு வா, வீட்டுக்குப் போகலாம்” என்பார். அதற்கும் சிரித்தார்கள். அவர் சொன்னால் எதற்கும் சிரிப்பார்கள்.

ஒரு பேராசிரியை கறுப்புக் கார் வைத்திருந்தார். கறுப்பு எதையும் மறைக்காது. இரண்டு நாள் அதோடு கிடந்தேன். கடைசிப் பளபளப்பும் முடிந்து நான் சாப்பிடப் போன நேரத்தில் அந்த அம்மாள் வந்துவிட்டார். அவர் பார்க்க வேலை நடக்க வேண்டுமாம். அத்தான் தரையில் கிடந்த ஒரு பஞ்சை எடுத்து, தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, மெஷினில் மாட்டி பானட்டில் ஓட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது டியூப் லைட் வெளிச்சத்தில் வட்டங்கள் தெரிந்தன. அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு எண்ணெய்ப்பசை மிகுந்த ஒரு மெழுகை அள்ளிப் பூசினார். கீறல் மறைந்தது. “உங்க கை பட்டதும் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு சார்” என்று அந்த அம்மாள் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மெழுகு இரண்டு கழுவலுக்குத் தாங்கும். மூன்றாம் வாரம் கார் திரும்பி வந்தது. அத்தான் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: “நம்ம டாக்டருக்கு அன்னிக்கு உடம்பு முடியலைம்மா. கொஞ்சம் கவனமில்லாம இருந்துட்டான். மனசுல வச்சுக்காதீங்க.”

அந்த அம்மாள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார். “அடுத்த தடவை நீங்களே பண்ணிடுங்க சார்” என்று அத்தானிடம் சொன்னார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “ஒரு பஞ்சுக்காகவாடா அவர்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவர் சுபாவம் தெரிஞ்சதுதானே தம்பி. நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும்.” அக்கா நியாயமானவள். ஆனால் பக்கவாட்டில் குனிந்து ஒரு பானட்டை அவள் பார்த்ததே இல்லை.

நீங்கள் கேட்கும் அந்த நாள், கடைக்கு வார விடுமுறை. காலையில் அத்தான் வரச் சொன்னார். போனால், ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். டப்பாக்கள் அலமாரியை அடைக்கின்றனவாம்.

“எல்லாம் பஞ்சுதானே மச்சான், ஒண்ணாக் கெடக்கட்டும். தனித்தனி ரூம் கேக்குதா அது?”

டப்பாக்களை மேல் தட்டில் வைத்திருந்தேன். தூசிக்கும் அவருக்கும் எட்டாத உயரம். அவர் ஏணியைச் சாய்த்தார். அதன் ஒரு காலில் ரப்பர் இல்லை. மாற்றச் சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. “பிடிச்சுக்கோடா, சறுக்கும்” என்றார். பிடித்துக்கொண்டேன். இரண்டு டப்பாக்களை இறக்கிக் கொடுத்தார். மேசையில் வைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டேன். மூன்றாவதை மேலேயே திறந்து, ஈரக் கையோடு உள்ளே துழாவினார். அதில் மென்மையானவை இருந்தன. பன்னிரண்டாம் எண் நழுவியது.

நழுவியதா, டிரம்முக்குக் குறி பார்த்துப் போட்டாரா என்று தெரியாது. “பிடி மச்சான்” என்றார், சிரித்துக்கொண்டே.

பிடித்தேன். ஒரு பஞ்சைப் பிடிக்க ஒரு கை போதும், ஐயா. நான் ஏணியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன். யோசிக்க நேரம் இல்லை என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். நேரம் இருந்தது. பஞ்சு மெதுவாகத்தான் விழும்.

அது தரையைத் தொடவில்லை.

அத்தான் மல்லாந்து கிடந்தார். தலை மெஷின் மேடையின் விளிம்பில் பட்டிருந்தது. நினைவு இருந்தது. கால்களை அசைக்க முடியவில்லை என்றார். அப்போதும் அவருக்கு விளையாட்டுத்தான். “கீழ விழுந்த பஞ்சைத் தூக்கிப் போடுற மாதிரி என்னையும் போட்டுடாத மச்சான். கை குடு.”

காம்பவுண்ட் காய்ந்தால் பஞ்சு கல்லாகிவிடும் என்று முன்பே சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். ஏணியை மறுபடி நிமிர்த்தி மூன்றாவது டப்பாவை இறக்கினேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் பார்த்துப் பார்த்து ஏறினேன். அவரைத் தாண்டித்தான் ஏணியைப் போட வேண்டியிருந்தது. அவர் மேல் படவில்லை. பிறகு குழாயைத் திறந்தேன்.

முதல் பஞ்சின்போது என்னைத் திட்டினார். இரண்டாவதின்போது, “டேய், விளையாடாதடா” என்றார். மூன்றாவதில் தண்ணீர் கேட்டார். தலையில் அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். நான்காவதில், இனிமேல் ஒன்றையும் தொடமாட்டேன் என்றார். நான்கு வருடங்களாக நான் கேட்டது அதைத்தான்.

ஐந்தாவதைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அக்கா.

“அவர் எங்கடா?”

“அத்தான் படுத்திருக்கார் அக்கா.”

“வேலைன்னு சொல்லிட்டுப் போய் அங்க படுக்கையா? நல்லா இருக்கு. எழுப்பி விடுடா, சாப்பாடு ஆறுது.”

சரி என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை, அன்றும் சொல்லவில்லை. அத்தான் ஏதோ சொல்ல முயன்றார். குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

ஒன்பதாவதுக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அவசரப்பட்டிருந்தால் மிச்சம் மூன்றை நனைத்து எடுத்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் அல்ல. பன்னிரண்டையும் முடித்து, முகம் கீழே, முதுகு மேலே வைத்து, எண் வரிசையில் உலர்த்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நாற்பத்தெட்டு நிமிடங்கள். மருத்துவமனையில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்.” அவர் அவசரமாகக் கழுவினார், விரலிடுக்கில் சோப்பு இருந்தது.

அக்கா இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருக்கிறாள். விழுந்த உடனே போய்விட்டார் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் உங்கள் காவலரிடம் அவள் சொன்னது கதவு வழியாகக் கேட்டது: “வேணும்னு செய்யிற புள்ள இல்ல சார் அவன். ஏதோ கவனமில்லாம ஏணிய விட்டிருப்பான்.” அவள் என்னை மன்னித்துவிட்டாள். எதற்காக மன்னித்தாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். தவறான காரணத்துக்காக ஒருவர் என்னை மன்னிப்பதை நான் விரும்பவில்லை.

உங்கள் எழுத்தர் நேற்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது எழுதிக்கொள்ளலாம். அன்று எந்தக் காருக்குப் பாலிஷ் போட்டீர்கள் என்று கேட்டார்.

எந்தக் காருக்கும் இல்லை. கடைக்கு விடுமுறை. பன்னிரண்டு பஞ்சுகளையும் முந்தின நாளே கழுவி, உலர்த்தி, டப்பாவில் வைத்து மூடியிருந்தேன்.

முதல் பஞ்சிலேயே தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது.