எட்டு எண்ணிக்கை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, சார். ஆறு மாதமாக மேடைக்கு அடியில் ஒரு நெம்புகோல்மேல் குனிந்தே நின்று முதுகு ஒரு வழியாகிவிட்டது.

நாற்பது வருடத்துக்கு முன் சக்கைப்போடு போட்ட ராக் இசைநாடகம் அது. புதுக் குழு சேர்த்து, ஊர் ஊராகப் போய் மறுபடி போட்டோம். அக்கா வீட்டுக்காரர்தான் கதாநாயகன். அத்தான் தயவில்தான் எனக்கும் அங்கே வேலை. கடைசிப் பாட்டின் கடைசிச் சுரத்தை அவர் எட்டு எண்ணும்வரை இழுக்க வேண்டும். எட்டில் நான் நெம்புகோலைத் தள்ளுவேன். அவர் நிற்கும் பலகை திறக்கும். கதைப்படி நாயகன் பாதாளத்துக்குப் போவான். அத்தான் பன்னிரண்டு அடி கீழே, நான் விரித்துவைத்த மெத்தையில் விழுவார். பாட்டுப் புத்தகத்தில் எட்டு என்றுதான் அச்சடித்திருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.

முதல் ஊரில் ஒன்பது இழுத்தார். தொண்டை நன்றாக இருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ஊரில் பதினான்கு. ஏழாவது ஊரில் இருபத்தாறு. கைதட்டல் கேட்கக் கேட்க மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு நேரமும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பவனை யாரும் நினைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. இயக்குநரிடம் சொன்னேன், ஜனங்களுக்குப் பிடிக்கிறதே என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"அவரு தொண்டை, அவரு பாடுறாரு. உனக்கு என்னடா போகுது?" என்றாள்.

அத்தானிடமே பேசினேன், மரியாதையாகத்தான். அவர் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"மாப்ள, நான் நிறுத்தினா நீ திற. எண்ணுறதெல்லாம் உனக்கெதுக்கு?"

எட்டாவது ஊரில் சரியாக எட்டில் திறந்தேன். புத்தகத்தில் உள்ளதைச் செய்தவனைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மெத்தையைப் பற்றிக் கேட்டீர்கள். உறை அழுக்காக இருந்தது. சுத்தம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். சலவைக்குப் போடலாமென்று கழற்றினால் உள்ளே பஞ்சும் பழுப்பாக இருந்தது. முழு மெத்தையையும் அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆட்டத்தன்று அவர் தொண்டைக்கு ஓய்வு கொடுப்பார், யாரோடும் பேசமாட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விழும்போதும் சுருதி விலகவில்லை. தரையைத் தொட்டபோது பத்து எண்ணியிருந்தேன். அங்கேயும் இரண்டு அதிகம். மேலே ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்கா கீழே ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க, கைதட்டுறாங்க" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது மட்டும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆமாம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். இசைக்காகச் செய்தேன், பொறாமையெல்லாம் கிடையாது. அத்தானின் நாயக வேடத்து மாற்றுத் தோல் சட்டையை அன்று காலையிலேயே தையற்காரரிடம் கொடுத்து என் அளவுக்குப் பிடிக்கவைத்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்த ஊரில் யாராவது பாடித்தானே ஆக வேண்டும்.