வலது பக்கத்து டேப்

— போன வெச்சிடாதக்கா. நோட்டுல எழுதினத அப்படியே படிக்கிறேன், கேளு. "நவம்பர் 14, வெள்ளி. ரெஜினா அக்கா வீட்டுப் பழைய புல்லட். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் இரண்டும் ஒழுகல். புதுக் கார்க் போட்டேன். இடது பக்கத்துக் கார்க்கை ஓர் இரவு ஊறவைத்தேன். வலது பக்கத்ததை ஊறவைக்க மறந்து, உலர்ந்ததையே மாட்டிவிட்டேன். சிறிய தவறு."

— சரி எழில்மொழி. இதச் சொல்லவா மூணு தடவ போன் போட்ட?

— சின்னத் தப்புன்னு எழுதிட்டேன்க்கா. சாயங்கால மெக்கானிக் கிளாசுக்கு வந்து உக்காந்தப்புறந்தான் ஒறச்சுது. ஊறாத கார்க்கு இறுக்கமா ஒக்காராது, நைசா ஒழுகும். வண்டி இப்போ எங்க கீது?

— எங்க இருக்கும்? எங்க கடைக்குப் பின்னால, வீட்டுக்குள்ளதான். எங்க வீட்டுக்காரரோட அப்பா வண்டில்லா, கஸ்பார் அதத் தெருவுல விடுவாரா? நான் கெடக்க இடத்த விட அதுக்குத்தான் இடம் ஜாஸ்தி.

— பெட்ரோல் வாட அடிக்குதா?

— ரிஃபைனரிக்குப் பக்கத்துல, மணலி புதுநகர்ல இருக்கவட்ட வாட அடிக்கான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல. கல்யாணமாகி வந்த பத்து வருசமா என்னமாவது அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மூக்கு செத்துப் போச்சு, கேட்டியா. இரு, கரண்டு போயி அரை மணி ஆச்சு, உள்ள ஒண்ணும் தெரியல. மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து பாக்கேன்.

— ஏத்தாதக்கா. தீப்பெட்டி கைலயா கீது?

— ஆமா.

— கீழ வை. குச்சி உரசல இல்ல?

— உரசல. கீழ வச்சாச்சு பிள்ள.

— மொதல்ல அடுப்பு. எரியுதா?

— இல்ல.

— ரெண்டாவது, மெயின் சுச்ச இறக்கு. கரண்டு இல்லாதப்பவே இறக்கிடணும். அது வந்து ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சா அதுலயே பொறி பறக்கும்.

— இறக்கியாச்சு.

— அண்ணன வண்டிய வெளிய தள்ளச் சொல்லு. ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

— ஏங்க, வண்டிய வாசலுக்குத் தள்ளுங்க. கேள்வி கேக்காதிய, தள்ளுங்க. ...உன்னத்தான் திட்டுதாரு. முழுசாப் படிச்சு முடிச்சிட்டு கை வச்சிருக்கலாம்லாங்காரு.

— திட்டட்டும், நெஜந்தானே. தள்றாரா?

— தெருவுக்கு வந்தாச்சு. இங்க இன்னும் வெளிச்சம் இருக்கு.

— வலது டேப்புக்கு அடில ஒரு பேப்பர வெச்சு அழுத்திப் பாரு. நனையுதா?

— கடை பில்லத்தான் வச்சிருக்கேன். நனையல.

— இன்னொரு தபா. டேப்பும் டேங்கும் சேர்ற எடத்துல.

— அங்கயும் காஞ்சுதான் கெடக்கு. இடது பக்கமும் பாத்துட்டேன். ஒரு சொட்டு இல்ல, கேட்டியா. உன் கார்க்கு சமத்தாத்தான் உக்காந்திருக்கு.

— உசுரு வந்துச்சுக்கா. பேஜாரு குட்த்துட்டேன், மன்னிச்சுக்க. நான் எப்பவும் இப்படித்தான். பூட்டின பூட்ட மூணு தபா இழுத்துப் பாத்துட்டு, தெருமுனைக்குப் போயி திரும்பி வர்ற ஆளு.

— எழிலு.

— சொல்லுக்கா.

— வெளிய வந்தபொறவு வாட கூடிட்டு.

— வண்டிகிட்ட நிக்கிற, அதான்.

— வண்டிய விட்டு இருபதடி தள்ளி, சாக்கடைகிட்ட நிக்கேன். தண்ணி மேல கலர் கலரா மினுங்குது.

— விரல்ல தொட்டு மோந்து பாரு.

— ...பெட்ரோலுதான்.

— எங்கேர்ந்து வருது?

— தெரியல. மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வருது. தெரு நீளத்துக்கும் ஓடுது பிள்ள.

— எல்லாரயும் கூட்டிகினு அங்கேர்ந்து கெளம்புக்கா. எங்க கிளாஸ் மாஸ்டர் இன்னொரு போன்ல ஃபயர் சர்வீசுக்குச் சொல்லிகினு கீறாரு.

— கஸ்பார் கதவு கதவா தட்டுதாரு. அசைய மாட்டேங்காவ. "தெனம் வர்ற நாத்தந்தானே, ஊருக்குப் புதுசா"ங்காவ. நானும் இப்போ அதத்தான உன்கிட்ட சொன்னேன்.

— அவங்க கெடக்கட்டும், நீ கெளம்பு.

— முக்குல ஜீனத் பஜ்ஜி வண்டியப் போட்டுட்டா. சாக்கடை அவ காலடியிலதான் போவுது. பம்பு அடுப்புக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருக்கா.

— பத்த வெச்சிட்டாங்களா?

— இன்னும் இல்ல.

— கத்துக்கா.

— கத்துதேன். நான் சும்மா கூப்புடுதேன்னு நெனச்சு அவளும் கைய ஆட்டுதா. நான் ஓடுதேன்.

— வேணாங்க்கா. அந்தப் பக்கம் போவாத.

— வேற யாரு போவா? கேளு பிள்ள. தீப்பிடிச்சு எனக்கு ஏதாவது ஆயிட்டுன்னா எல்லாரும் வாசல்ல நிக்க வண்டியத்தான் காட்டுவாவ, உன் பேரத்தான் சொல்லுவாவ. நாளைக்குக் காலைல மொத வேலையா இங்க வந்து, டேப்பு ரெண்டும் காஞ்சு இருந்துச்சுன்னு நீ சொல்லணும். அதப் பாத்தது நான் மட்டுந்தான்.