பதினொரு வாரத்தில் இறங்கிய ஜெனரல்

படுக்கை விரிப்பதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. டென்மார்க்கின் ஸ்கீவ நகரில், இந்த முதியோர் இல்லத்தில், இருபத்தாறு வருடமாக விரிக்கிறேன். ஜேர்மன் இராணுவத்தில் ஜெனரலாக இருந்து ஓய்வுபெற்ற ஃபோல்மர், இங்கே மணமுடித்த மகள் கத்தரீனாவை நம்பி வந்தவர். அவர் மட்டும் தினமும் விரிப்பின் மூலையைத் தட்டி, "திரும்பவும்" என்பார். நான் திரும்பவும் விரிப்பேன். கோபமெல்லாம் இல்லை.

மறதி நோயுள்ள ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு வாழ்க்கைக் கோப்பு உண்டு. தான் யாரென்பது மறக்காமலிருக்க, காலைக் கோப்பியோடு அதை வாசித்துக் காட்டவேண்டும். அவருக்கு வாசிப்பவள் நான். இருபத்தொரு வயதில் படையில் சேர்ந்து, டாங்கிகளை நடத்தி, வெள்ளத்தில் ஒரு ஊரையே மீட்டு, ஆறு பதக்கம் வாங்கியவர். நல்ல வாழ்க்கைதான். வாசிக்கத்தான் கொஞ்சம் நீளம்.

முதல் வாரம், ஜெனரல் என்றிருந்ததைக் கேணல் என்று வாசித்தேன். புருவத்தைச் சுருக்கினார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஐந்தாம் வாரம் கப்டன், எட்டாம் வாரம் சார்ஜன்ட். ஊரை மீட்டது வேறொருவர் என்று வாசித்த அன்று மட்டும் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் ஏறியவர், பதினோராம் வாரம் படைச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்தார். விரிப்பைத் தட்டுவதும் நின்றது.

கூட வேலைசெய்யும் துஷாரா கேட்டாள்: "மலரக்கா, மனுசன் தான் குசினியில நிண்டதெண்டு சொல்லுது. நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? கோப்பில இருக்கிறதைத்தான் வாசிக்கிறன்."

அதற்குள் கோப்பையும் மாற்றி எழுதியிருந்தேன். ஆகவே பொய் இல்லை.

தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஜேர்மனியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து சல்யூட் அடித்தார்கள். அவர் யாருக்கென்று திரும்பிப் பார்த்தார். கத்தரீனா பதக்கப் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"யாரோ தொலைத்திருக்கிறார்கள், பாவம். தேடிக் கொடுத்துவிடு" என்றார்.

அவள் அழுதாள். எனக்கும் வருத்தம்தான். கேக்கை யாரும் தொடவேயில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, விறைத்து நின்று, சல்யூட் அடித்து, சமையற்கட்டுக்குப் போக அனுமதி கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஓம், நான்தான் செய்தேன். எல்லாம் அவருடைய நிம்மதிக்காக. பதில் சொல்லாமல், தேய்ந்துபோன அந்த முழங்கால்களோடு அவரை நான்கு நிமிடம் நிற்கவைத்தது மட்டும் எனக்காக.