சேலையின் மறுமுனை

ராத்திரி எட்டு மணி. ஆமத்தூரிலிருந்து நாரணாபுரம் போகிற பாதை. கரண்ட் இல்லை... நிலவும் இல்லை. இரண்டு பக்கமும் சீமைக்கருவை. செல்வக்குமார் பைக்கை விரட்டிக்கொண்டிருந்தான். பின்னால் வெள்ளைத்தாய், பச்சைப் பிள்ளைகளுக்கு உரம், அதாவது கழுத்துப் பிசகு, எடுக்கிறவள்.

செல்வக்குமார், இதோ உட்கார்ந்திருக்கிற நம்ம சங்கரபாண்டியனுக்கு மச்சான். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து தனியாக வீட்டுக்குப் போகலாம், நான் தடுக்க மாட்டேன்.

செல்வக்குமார் காத்துக் கிடந்து பெற்ற ஒரே பிள்ளை. மூன்று மாதம். கழுத்தில் உரம் விழுந்து, பால் குடிக்காமல், கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. உரம் எடுக்க இரண்டு பேர் வேண்டும். பழைய சேலையில் பிள்ளையைப் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மூன்று முறை உருட்ட வேண்டும். கடைசியாக எந்தப் பக்கம் உருளுகிறதோ, அந்த ஆள்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

"வெரசாப் போலே... பெத்தவ ஒத்தையில கெடக்கா" என்றாள் வெள்ளைத்தாய்.

உண்மைதான். தெருவே கோயில் பொங்கலுக்குப் போயிருந்தது. அவன் அக்கா மாடத்தி இருந்திருந்தால் அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்விக்குத் துணையிருந்திருப்பாள். பிள்ளை இல்லாதவள். பட்டாசு ஆலை வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் வெள்ளிப் பவுடர் போகாது. "பொறந்ததும் மொதல்ல நான்தான் தூக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஆலையில் மருந்து அறை வெடித்தது. பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் பைக்கை நிறுத்தினான். பிள்ளை அழவில்லை. உள்ளே சேலை உரசுகிற சத்தம்... சர்ர்... சர்ர்... கந்தக வாடை.

எட்டிப் பார்த்தான். சிம்னி விளக்கு. பாண்டிச்செல்வி ஒரு முனையைப் பிடித்திருந்தாள். சேலை விறைப்பாக நின்றது. மறுமுனை இருட்டுக்குள் போயிருந்தது.

"சத்தம் போடாதீக" என்றாள். "இவன் அழுக தாங்காம மாடத்தி மதினியக் கூப்புட்டேன்... வந்துட்டாக."

வெள்ளைத்தாய் அலறினாள். "இங்கிட்டு உருட்டு தாயி! இங்கிட்டு..."

பிள்ளை இருட்டுப் பக்கம் உருண்டது. மூன்றாவது முறை.

சேலை தொய்ந்து விழுந்தது. செல்வக்குமார் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாவி மனுஷன்... ஓடி என்ன செய்ய? மூலையில் யாரோ படுக்க வைத்தது போலப் பிள்ளை கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சில்லை. கழுத்துப் பிசகு சரியாகியிருந்தது.

கன்னத்தில், விரல் குவித்துக் கொஞ்சின இடத்தில்... வெள்ளிப் பவுடர். அஞ்சு பொட்டு.