பூட்டுப் படம் போட்ட புடவைக் கடை

நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். விழாத் தலைவர் பாக்கியசீலன் ஐயா அவர்களே, பொறுமையில் பெரியோர்களே, முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, ஒன்பதாம் வகுப்பு பொன்செல்வியின் பணிவான வணக்கம்.

விக்கிரமசிங்கபுரத்துப் பெண்களுக்குத் துணி பார்க்கத் தெரியாதா? என் அம்மா முத்துராணி பதினெட்டு ஆண்டுகள் நூல் ஆலையில் வேலை பார்த்தவர். கடைக்குப் போனால் முந்தியை உதறுவார், ஓரத்தைக் கசக்குவார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கடைக்கார அண்ணாச்சி களைத்துப்போய்த் தண்ணீர் குடிப்பார். சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான். அப்பேர்ப்பட்டவர், அம்மன் கோயில் கொடை விழாவுக்குத் தெருப் பெண்கள் நாற்பது பேரும் ஒரே நிறத்தில் உடுத்துவதற்காக, எல்லோரிடமும் பணம் திரட்டி, முன்பின் அறியாத இணையதளத்தில் புடவைகளுக்குக் கட்டினார்.

எதை நம்பி? “மேல பூட்டுப் படம் போட்டிருக்கான் பாரு, பத்திரமாத்தான் இருக்கும்” என்றார். தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் அந்தப் பூட்டு, நாம் அனுப்புவதை வழியில் பிறர் படிக்காமல் காப்பது. கடைக்காரர் நல்லவர் என்று அது சொல்லுமா? திருடன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்காதா?

பணம் கொடுத்த எங்கள் தெரு ஆறுமுகத்தாய் அத்தை எதை நம்பினார்? “உங்கம்மை பாத்திருப்பாள்லா.” அம்மா? “ஆறுமுகத்தாய்தானளா அந்தக் கடை லிங்க வாட்ஸ்அப்புல அனுப்பினா.” அத்தைக்கு அனுப்பியவர் யார்? அவருக்கே நினைவில்லை.

தளத்தின் அடியில் சேரன்மகாதேவி சாலை விலாசம் இருந்தது. அதே சாலையில் தினமும் போகும் பேருந்தின் நடத்துநர் என் சித்தப்பா இசக்கிமுருகன். புடவை வராமல் போன பிறகுதான் இறங்கிப் பார்த்தார். வாழைத்தோப்பு.

“முன்னாலயே பாக்கக் கூடாதா சித்தப்பா?”

“நம்ம பக்கத்து ஊர்ப் பேரு போட்டிருந்தானளா. பொய்யா சொல்லுவான்னு நெனச்சேன்.”

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி மூன்று ஊரில் விசாரிக்கிறோமே, ஒரு கடையைப் பற்றி ஓரிடத்தில் விசாரித்தோமா?

கொடைக்கு இன்னும் நான்கு நாள். அம்மாவோடு யாரும் பேசுவதில்லை. இதோ, மூன்றாம் வரிசையில் அவருக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி.

மறைக்கமாட்டேன் என்றேன் அல்லவா? அந்தத் தளத்தில் அறுபது பேர் எழுதிய பாராட்டுகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவள் நான். அறுபதும் ஒரே வாக்கியம். கவனித்தேன். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுக்க மனமில்லாமல் நான் சொல்லாமல் விட்டேன். ஆகவே கோபமிருந்தால் என்னோடு பேசாதீர்கள். அம்மாவோடு பேசுங்கள்.

நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டீர்கள், ஐயா, முடிக்கிறேன். கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். மூன்றாம் வரிசையில், அம்மா பக்கத்தில், யாரோ நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்கிறது. யாரென்று தெரியவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.