பச்சை விளக்கை நம்பாத செலின் அம்மையாருக்கு

எண்ணில் தெளிவும், ஏற்ற பணியில் எள்ளளவும் குறையாத ஈடுபாடும் கொண்ட எங்கள் செலின் அம்மையீர்! மைசூரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் நோயாளிகளின் பதிவுகளைக் கண்ணெனக் காத்த காவலரே! பணி நிறைவு காணும் தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்!

மடல் என்றால் புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்தருள்க. ஆனாலும் தங்கள் கோபத்தை மறைத்தால் இது பொய் மடலாகிவிடும். கிளை மருத்துவமனையோடு அறுந்த இணைப்பு திரும்பியதும் 'கனெக்ஷன் வந்துவிட்டது' என்று குதித்தவர் எவரும் தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. "பச்சை எரிஞ்சா ஆயித்தா, எல்லாம் முடிஞ்சுதா? இங்க, கிளையில, ரெண்டு பக்கமும் கடைசியா ஏறின பதிவோட நம்பர் என்ன, அதைச் சொல்லுங்க!" என்பீர்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகும்வரை எங்களைத் தேநீர் குடிக்கவும் விடமாட்டீர்கள். மனத்துக்குள் நாங்கள் திட்டியதுண்டு. இன்று ஒப்புக்கொள்கிறோம்.

மைசூருவில் பதிவதெல்லாம் மறுநொடியே கொள்ளேகால் கிளையின் சர்வரிலும் பதிவாகும் ஏற்பாடு தாங்கள் அமைத்தது. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, சாலை தோண்டிய இயந்திரம் நடுவழியில் கேபிளை அறுத்தது. திங்கள் காலை வரை கொள்ளேகால் செவிலியர் ஒவ்வொரு நோயாளிக்கும் நம்மிடம் தொலைபேசியில் கேட்ட பிறகே மருந்து கொடுத்தனர். இணைப்பு வந்தது, பச்சை எரிந்தது, தொலைபேசி ஓய்ந்தது. ஆபத்து அப்போதுதான் தொடங்கியது என்பதைத் தாங்கள் ஒருவரே கண்டீர்கள். மைசூருவின் எண் ஓடிக்கொண்டிருக்க, கொள்ளேகாலின் எண் வெள்ளிக்கிழமையிலேயே நின்றிருந்தது!

உடனே செவிலியர் ரெபேக்காவை அழைத்தீர்கள். "ரெபேக்கா, ஸ்க்ரீனை நம்பாதீங்க. அதுல இருக்கறது வெள்ளிக்கிழமை விவரம். எங்களைக் கேக்காம யாருக்கும் ஊசி போடாதீங்க!" அவர் கேட்ட முதல் பெயர் மல்லப்பன், ஹனூர் விவசாயி. எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்பது சனிக்கிழமை மைசூருவில் பதிவாகியிருந்தது. கொள்ளேகால் திரையில் அது இல்லை. அதே மருந்து அப்போது ஊசியில் ஏற்றப்பட்டுத் தயாராக இருந்தது. ரெபேக்கா அதைக் கீழே வைத்தார்.

விடுபட்டவற்றை அனுப்பத் தேவையான, எது எப்போது மாறியது என்று குறிக்கும் மாற்றப் பதிவுகளோ மைசூரு சர்வரில் அழிந்துபோயிருந்தன. இரண்டு நாளுக்கு மேல் அவற்றை வைக்க வேண்டாம் என்று அமைப்பு இருந்தது. முழு நகலையும் அந்த மெலிந்த இணைப்பில் அனுப்ப மேலும் இரண்டு நாளாகும். தாங்கள் முதலில் அந்த இரண்டு நாளைப் பத்து நாளாக்கினீர்கள். நகலை ஹார்டு டிஸ்கில் எடுத்தீர்கள். அதை மடியில் வைத்தபடி கொள்ளேகால் பேருந்தில் ஏறிவிட்டீர்கள்! நகலை அங்கே ஏற்றி, பயண நேரத்து மாற்றங்களும் வந்து சேர, மாலை ஐந்தரைக்கு இரு எண்களும் ஒன்றாயின.

மறுநாள் அறிக்கையில் கேபிளை அறுத்தவர்மேல் பழி போட்டிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். "அமைப்பை இரண்டு நாள் என்று வைத்தது நான்" என்றே முதல் வரியில் எழுதினீர்கள்.

அந்த வரிதான் தங்களை இன்னும் அரிக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். "எனக்கெதுக்குப்பா மடல்? என்னால ஒரு உயிரு போயிருக்கும்" என்று இவ்விழாவையே மறுத்தீர்கள். அதனால் தங்களைக் கேளாமலே ஒரு காரியம் செய்தோம், மன்னிக்கவும். சென்ற வாரம் ஹனூருக்குப் போய், தவறு உட்பட அனைத்தையும் மல்லப்பனிடம் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தப்ப ஒத்துக்கிட்டு, பஸ்ஸேறியும் வந்தாங்களாக்கு? அந்தம்மா பேரச் சொல்லுங்க. நாளைக்கும் நம்ம விவரம் அந்த ஆசுபத்திரிலதானுங்க இருக்கோணும். அவங்களுக்கு எழுதற மடல்ல நானும் கையெழுத்துப் போடறனுங்க."

அம்மையீர்! திடுக்கிட்டு எழ வேண்டாத உறக்கமும், குன்றாத உடல்நலமும், சுற்றமும் சிரிப்பும் சூழ்ந்த நெடிய ஆண்டுகளும் தங்களுக்கு வாய்க்கட்டும்! பாராட்டு வேண்டாம் என்று எங்களிடம் சொல்லலாம். கீழே முதலில் இருக்கும் பெயரிடம் சொல்ல முடியாது.

இங்ஙனம்,
மல்லப்பன், ஹனூர்
தங்கள் அன்பில் வளர்ந்த கணினிப் பிரிவுப் பணியாளர்கள், மைசூரு
செவிலியர் ரெபேக்கா, கொள்ளேகால் கிளை