கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்

சலவைக் கடை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள், ஐயா. என் கடையை வாங்க வந்தவர் அப்படியில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார். கேள்வி கேட்டே பழகிய மனிதர். வரி பாக்கி உண்டா, இடத்தின் மேல் வழக்கு உண்டா, வேலையாட்கள் தொடர்வார்களா என்று குடைந்தெடுத்தார். வக்கீலையும் கூடவே அழைத்து வந்தார். எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். பொய் எனக்கு ஒத்து வராது.

பாய்லரையும் பார்த்தார்கள். உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியேற்றுகிற வால்வு ஒன்று அதன் தலையில் இருக்கிறது. வெகு நாளாக அது ஒழுகிக்கொண்டிருந்தது. கைமாறப் போகிற கடைக்கு யார் ஐயா செலவு செய்வார்கள்? அதன் வாயில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

"ஒழுகுதா?" என்று கேட்டார் வக்கீல்.

"ஒரு சொட்டு ஒழுகாது சார்."

இதில் எது பொய்? வால்வு திறக்குமா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பாதித் தீயில் ஓட்டிக் காட்டினேன். முழுத் தீ வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இயந்திரங்களை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தோம், ஒப்படைத்த பின் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்ற வரியை ஒப்பந்தத்தில் நான்தான் சேர்க்கச் சொன்னேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

கடையில் நிற்கப் போவது அவர் மனைவி. சாவியை வாங்கும்போது அந்த அம்மா தயங்கினார்.

"அண்ணே, எனக்கு மெஷின்னாலே கொஞ்சம் பயம். இதுல பயப்பட ஒண்ணும் இல்லையே?"

"இத்தனை வருஷம் நானே இது பக்கத்துலதாம்மா நின்னேன்."

அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் மனசு நிறைந்தது.

திங்கட்கிழமைதோறும் மருத்துவமனைப் போர்வைகள் வரும். அன்று நாள் முழுக்க முழுத் தீ எரிய வேண்டும். போல்ட் அடித்த வாரம் மட்டும் நான் அவற்றை வேறு கடைக்கு அனுப்பிவிட்டேன். இவர்களுக்கு அது தெரியாதல்லவா? முதல் திங்கட்கிழமையே முழுத் தீ வைத்திருக்கிறார்கள். வெடித்தபோது அந்த அம்மா பாய்லருக்கு எதிரேதான் நின்றிருந்தாராம். முகத்தைத் திறந்து காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்கப் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எதைக் கேக்காம விட்டேன்னே தெரியலையே" என்று அழுதார். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சரியாகக் கேட்கத் தெரியாதவருக்கு நான் என்ன செய்ய முடியும்?

என் தங்கையைப் பற்றி ஏன் விசாரிக்கிறீர்கள் என்று புரியவில்லை. அவள் அங்கே இஸ்திரி போடுகிறவள். கடை கைமாறிய பிறகும் அங்கேதான் வேலை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனது உண்மைதான். "நாளைக்கு அந்தப் பாய்லர் பக்கமே போகாத. காய்ச்சல்னு சொல்லி வீட்டுலயே இரு" என்றேன்.

இல்லை, ஐயா. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.